தடித்த செரிஃப் எழுத்துகள்: குணமும் பயன்பாடும்

பாலமுனை, ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நம் கரையோரத்தில் அச்சு வேலையோ பெயர்ப்பலகை வேலையோ செய்கிறவர்கள் வாடிக்கையாளரிடமிருந்து அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு: "தூரத்துக்குத் தெரியணும் தம்பி, எழுத்த மொத்தமாப் போடுங்க." நியாயமான வேண்டுகோள்தான். கொழும்பிலிருந்து பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதி நம் ஊர்களை ஊடறுத்துச் செல்கிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவர் சில நொடிகளில் கடையின் பெயரை வாசித்துவிட வேண்டும்.

ஆனால் மொத்தமாகப் போட்ட எழுத்தெல்லாம் தூரத்துக்குத் தெரிவதில்லை. எழுத்தின் சுழிக்குள்ளே, கோடுகளுக்கு இடையே, சொல்லைச் சுற்றி எவ்வளவு வெள்ளை மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தே அது வாசிக்கப்படுகிறது. கருமையைக் கூட்டக் கூட அந்த வெள்ளை குறைகிறது. தடித்த செரிஃப் எழுத்தைக் கையாளும் கலை, அந்த வெள்ளையைக் காப்பாற்றும் கலை. இந்த அத்தியாயத்திலுள்ள யோசனைகள் எல்லாம் அந்த ஒரு விடயத்திலிருந்து வருபவையே.

வடிவம் வந்த வழி

ரோமன் எழுத்துகளின் கோடு முடியும் இடத்தில் சிறு பாதம்போல் நீளும் பகுதியே செரிஃப். ரோமர்கள் கல்லில் வெட்டிய எழுத்துகளிலேயே அது உண்டு, கி.பி. 113இல் ரோமில் எழுப்பப்பட்ட டிராஜன் தூணின் அடிக் கல்வெட்டு அதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பாதத்தோடு இன்னொரு குணமும் சேர்ந்து வரும்: ஒரே எழுத்தில் சில கோடுகள் தடிப்பாகவும் சில மெலிவாகவும் இருக்கும். இந்த மாறுபாடுதான் செரிஃப் எழுத்துக்கு மிடுக்கைத் தருகிறது.

நூல் வாசிப்புக்காக வளர்ந்த இந்த வடிவத்தை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் அச்சு வார்ப்பாளர்கள் விளம்பரத்துக்காகத் தடிக்க வைத்தார்கள். லாட்டரி, நாடகம், ஏலம் ஆகியவற்றின் சுவரொட்டிகள் ஒன்றோடொன்று போட்டியிட்ட காலம் அது. ரொபர்ட் தோர்ன் போன்றோர் தடித்த கோட்டை மேலும் தடிப்பாக்கி, மெல்லிய கோட்டை மயிரிழையாகவே விட்டார்கள். இவற்றைக் 'கொழுத்த முகம்' என்ற பொருளில் ஃபெட் ஃபேஸ் என்கிறார்கள். வின்சென்ட் ஃபிகின்ஸ் போன்றோர் வேறு வழியில் போனார்கள்: பாதத்தையே செங்கட்டிபோல் தடிப்பாக்கினார்கள். அது ஸ்லாப் வகை.

1845இல் லண்டன் ஃபான் ஸ்ட்ரீட் வார்ப்பகத்தைச் சேர்ந்த ரொபர்ட் பெஸ்லி 'கிளாரன்டன்' என்ற எழுத்தை வெளியிட்டார். சாதாரண எழுத்தில் ஓடும் பந்திக்கு நடுவே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்ட அது உதவியது. அகராதிகளில் தலைச்சொல்லைத் தடித்த எழுத்தில் போடும் வழக்கத்துக்கு இத்தகைய எழுத்துகளே வழி திறந்தன. பெஸ்லி அதைச் சட்டப்படி பதிவு செய்தார். பாதுகாப்பு 3 ஆண்டுகளுக்குத்தான். அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்களும் அதேபோல் வார்க்கத் தொடங்கின. 1920களின் தொடக்கத்தில் சிக்காகோவைச் சேர்ந்த ஒஸ்வல்ட் கூப்பர், பாதங்களையும் மூலைகளையும் உருட்டி 'கூப்பர் பிளாக்' எழுத்தை உருவாக்கினார்.

இன்று நம் கணினியில் உள்ள தடித்த ஆங்கில செரிஃப்களைப் பெரும்பாலும் நான்கு வகையில் அடக்கலாம். ஃபெட் ஃபேஸ் (பொடோனி போஸ்டர், அப்ரில் ஃபெட்ஃபேஸ், பிளேஃபெயார் டிஸ்பிளே பிளாக்) மிடுக்கும் பகட்டும் உள்ளது. நகைக்கடை, அழைப்பிதழ், சஞ்சிகை அட்டை ஆகியவற்றுக்குப் பொருந்தும். சிறிய அளவில் அதன் மயிரிழைகள் மறைந்துபோகும். ஸ்லாப் (கிளாரன்டன், ரொக்வெல்) உறுதியானது. வன்பொருள் கடை, விளையாட்டுக் கழகம், ஜெர்சி இலக்கம், விலைப்பலகை எல்லாவற்றையும் தாங்கும். உருண்ட பாத வகை (கூப்பர் பிளாக்) அன்பானது. பேக்கரி, இனிப்புக்கடை, பாலர் பாடசாலைக்கு ஏற்றது. நூல் எழுத்தின் தடித்த வடிவம் (டைம்ஸ் போல்ட், நோட்டோ செரிஃப் போல்ட்) நிதானமானது. செய்தித் தலைப்பு, நினைவு மலர், சான்றிதழ் ஆகியவற்றில் அதை நம்பிப் பயன்படுத்தலாம்.

தமிழில் செரிஃப் என்றால் என்ன?

தமிழ் எழுத்துக்கு ரோமன் எழுத்துபோல் பாதம் கிடையாது. ஓலையில் எழுத்தாணியால் கீறியபோது கோடு முழுவதும் ஒரே தடிப்பில் ஓடியது. ஓலை கிழியாமலிருக்கப் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிட்டே எழுதினார்கள். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சான நாளிலிருந்து உலோக அச்சின் வழியாகத் தமிழ் எழுத்து புதிய உடல் பெற்றது. தடிப்பு–மெலிவு மாறுபாடு வந்தது, நுனிகள் கூராக வெட்டப்பட்டன, காலப்போக்கில் புள்ளி நிலையாக அமர்ந்தது. தமிழில் செரிஃப் என்று நாம் சொல்வது இந்த மாறுபாடும் நுனிவெட்டும் உள்ள எழுத்தைத்தான்.

இன்று இலவசமாகக் கிடைப்பவற்றில் இந்த வேலைக்கு முதலில் எடுக்க வேண்டியது நோட்டோ செரிஃப் தமிழ். மிக மெல்லிய 'தின்' முதல் மிகத் தடித்த 'பிளாக்' வரை 9 படிகள் அதில் உண்டு. திறந்த உரிமத்தில் வெளியானதால், கூலிக்குச் செய்யும் வேலையிலும் தடையின்றிப் பயன்படுத்தலாம். டீரோ தமிழ் அழகான நூல் எழுத்து. ஆனால் அதற்குத் தடித்த வடிவம் கிடையாது. பந்திக்கு டீரோவும் தலைப்புக்கு நோட்டோவின் தடித்த படியும் வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும். கூப்பர் பிளாக்கின் உருண்ட சுபாவம் தமிழிலும் வேண்டுமென்றால் எக் டைப் குழுவின் பலூ தம்பியை எடுங்கள். அது செரிஃப் இல்லாவிட்டாலும் கனமும் மென்மையும் பொருந்திவரும்.

தமிழில் தடித்த எழுத்துக்குச் சுமை கூடுதல் என்பதையும் மனதில் வையுங்கள். ஆங்கிலத்தில் முக்கியமானதைக் காட்டப் பெரிய எழுத்து இருக்கிறது, சாய்வெழுத்து இருக்கிறது. நமக்குப் பெரிய எழுத்து–சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. சாய்வெழுத்தும் மரபாக வேரூன்றவில்லை. அதனால் எதை அழுத்திச் சொல்ல வேண்டுமானாலும் கை தடிப்பை நோக்கியே போகிறது. ஒரு துண்டுப்பிரசுரத்தில் தலைப்பும் தடிப்பு, இடமும் தடிப்பு, பேச்சாளர் பெயரும் தடிப்பு என்றால் எதுவும் தனித்து நிற்காது. ஒரு தாளில் ஒரு படிநிலைக்கு மட்டும் தடிப்பைக் கொடுங்கள். மற்ற வேறுபாடுகளை அளவாலும் இடைவெளியாலும் காட்டுங்கள்.

'பாலமுனை' என்ற பெயரைக் கிட்டப் பார்ப்போம்

கணினியில் 'பாலமுனை' என்று நோட்டோ செரிஃப் தமிழ் பிளாக்கில், 100 புள்ளி (பொயின்ட்) அளவில் அடித்துப் பாருங்கள். பகரம் மேலே திறந்த பெட்டி. பக்கத்தில் வரும் கால் கீழே திறந்தது. இரண்டுக்கும் உள்ளே தாராளமான வெள்ளை. லகரத்தில் ஒரு சுழி. 'மு' வலப்பக்கம் வளைந்து சுருள்கிறது. கடைசியில் 'னை': முன்னால் ஐகாரக் குறியின் சுழிகள், பின்னால் இரண்டு சுழி னகரம். பெயரின் இடப்பாதி காற்றோட்டமாக இருக்க, வலப்பாதி அடைந்து கறுக்கிறது. எந்த எழுத்துருவில் இந்த இரண்டு பாதியும் ஒரே கருமையாகத் தெரிகிறதோ, அது நன்றாக வரையப்பட்டது.

இந்தச் சோதனை நம் பகுதிக்கு மிகவும் பொருந்தும். கல்முனை, மருதமுனை, பாலமுனை, அட்டாளைச்சேனை என்று நம் ஊர்ப்பெயர்கள் பலவும் 'னை'யில்தான் முடிகின்றன. தமிழ்நாடு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் 'னை' யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த ஒற்றை வடிவமாக இருந்தது. இன்றைய வடிவம் இரண்டு துண்டாக இருப்பதால் அகலமும் சுழியும் கூடிவிட்டன. ஊர்ப்பெயரைத் தலைப்பில் வைக்கும்போது பிளாக்கிலிருந்து ஓரிரு படி இறங்கி எக்ஸ்ட்ரா போல்ட், அல்லது போல்ட் எடுத்தால் 'னை' திறந்து நிற்கும்.

அடுத்து 'ண'வும் 'ன'வும். மூன்று சுழிக்கும் இரண்டு சுழிக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு வளைவு. தடிப்பு மிஞ்சினால் அந்த வளைவு அடைபட்டு 'மணம்' என்பது 'மனம்' என்று வாசிக்கப்படும். திருமண அழைப்பிதழில் அது நேரக்கூடாது. எழுத்துருவைத் தெரிவு செய்யுமுன் இந்த இரு சொற்களையும் அருகருகே வைத்து, தாளைக் கை நீட்டிப் பிடித்து வாசித்துப் பாருங்கள்.

மூன்றாவது சோதனை கிரந்த எழுத்து. நம் ஊர்களில் ஜ, ஷ, ஸ, ஹ இல்லாத அறிவித்தலே அரிது: ஜும்ஆ, ஹஜ்ஜுப் பெருநாள், ஜனாஸா, ஆட்களின் பெயர்கள். இந்த எழுத்துகளில் கோடும் வளைவும் அதிகம். சரியாக வரையாத தடித்த எழுத்துருவில் இவை மட்டும் மற்றவற்றைவிடக் கறுத்து, சொல்லுக்குள் திட்டாகத் தெரியும். 'ஃப' வரும் பெயர்களில் ஆய்தத்தின் மூன்று புள்ளிகளும் ஒட்டிக்கொண்டு ஒரே பொட்டாகிவிடும். ஆகவே எழுத்துருவைப் பரிசோதிக்க அதோடு வரும் மாதிரி வாக்கியத்தை நம்பாதீர்கள். 'ஹஜ்ஜுப் பெருநாள்', 'ஜும்ஆ', 'அஷ்ரஃப்' போன்ற நம் சொற்களை அடித்துப் பாருங்கள்.

போலித் தடிப்பு

எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாதபோது 'பி' பொத்தானை அழுத்தினால் மென்பொருள் தானே ஒன்றைச் செய்துவிடும். கோட்டின் எல்லாப் பக்கத்தையும் ஒரே அளவாக உப்ப வைக்கும், அல்லது எழுத்தைச் சற்று நகர்த்தி இரண்டு முறை அச்சிடும். திரையில் தடிப்பாகத் தெரியும்; சுழிகளின் உட்புறம் குறுகிவிடும், புள்ளி எழுத்தின் தலையில் முட்டும், தடிப்பு–மெலிவு மாறுபாடு மழுங்கும். செரிஃபுக்கு மிடுக்கைத் தந்த குணமே போய்விடும். எழுத்தைச் சுற்றி அதே நிறத்தில் அவுட்லைன் போடுவதும் இதே கேடுதான்.

வரைஞர் கையால் செய்த தடித்த வடிவம் வேறு. அதில் தடித்த கோடு அதிகம் தடிக்கும், மெல்லிய கோடு சிறிதளவே தடிக்கும், சுழி அடையாமலிருக்க எழுத்து முழுவதும் அகலமாகும். ஆகவே எழுத்துருப் பட்டியலில் 'போல்ட்', 'பிளாக்' என்று தனிப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் எழுத்துருவை மாற்றுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் சேமித்த வேலைகள் நம் கணினிகளில் இன்னும் நிறைய இருக்கின்றன. அவை ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றுமுன் உரையை மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்குங்கள். அதன் பிறகு ஒருமுறை முழுவதும் மெய்ப்புப் பாருங்கள். கொம்பும் காலும் இடம்மாறியிருக்கும் இடங்கள் பெரும்பாலும் தடித்த தலைப்பில்தான் எல்லோர் கண்ணிலும் படும்.

எந்த வேலைக்கு எப்படி

பெயர்ப்பலகை. பலகைத் தொழிலில் பழகிவந்த கணக்கு ஒன்று உண்டு: நன்றாக வாசிக்க 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். மணிக்கு 50 கிலோமீற்றரில் வருகிறவர் ஒரு நொடியில் ஏறத்தாழ 45 அடி கடக்கிறார். பெயரை வாசிக்க அவருக்கு 3 நொடி கொடுப்பதென்றால் 135 அடி. அப்படியானால் எழுத்து 14 அங்குலமாவது வேண்டும். தமிழில் இந்த உயரத்தைப் பகரத்தில் அளவெடுங்கள். மேலே புள்ளியும் விசிறியும் கீழே வாலும் இதில் சேராது. அவற்றுக்குத் தனியாக இடம் விடுங்கள். 14 அங்குலத்துக்குப் பலகையில் இடமில்லையென்றால் தடிப்பைக் கூட்டி ஈடுசெய்ய முயலாதீர்கள். சொற்களைக் குறையுங்கள். கடையின் பெயர் தடித்த செரிஃபில் நிற்கட்டும். என்னென்ன விற்கிறோம் என்பது அடியில் சாதாரண எழுத்தில் வரட்டும்.

உள்ளே விளக்கு எரியும் பலகையில் வெள்ளை எழுத்து ஒளி பரவித் தன் அளவைவிடத் தடிப்பாகத் தெரியும். அங்கே ஒரு படி மெல்லிய எழுத்தை எடுங்கள். தாளில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் நடப்பது தலைகீழ்: மை உள்ளே ஊறி மெல்லிய கோட்டைத் தின்றுவிடும். அங்கே ஃபெட் ஃபேஸ் வேண்டாம், ஸ்லாப் போன்ற மாறுபாடு குறைந்த எழுத்தே தாங்கும்.

துண்டுப்பிரசுரம். இதைப் பெரும்பாலும் ரைசோவில் ஓட்டுகிறோம், அல்லது போட்டோ கொப்பி எடுக்கிறோம். கொப்பிக்குக் கொப்பி எடுக்கும்போது மயிரிழை அறுந்து சுழி அடையும். தலைப்பு 36 புள்ளிக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் தடித்த செரிஃப். அதற்குக் கீழே செமி போல்ட் போதும். திகதியையும் நேரத்தையும் தடித்த செரிஃபில் பெரிதாகப் போடலாம். இந்த எழுத்து வகையில் இலக்கங்கள் மிக அழகாக இருக்கும், மக்கள் முதலில் தேடுவதும் அவற்றைத்தான்.

அழைப்பிதழ். மணமக்களின் பெயர் மட்டும் தடித்த செரிஃபில் இருக்கட்டும். மேலே அரபு எழுத்தணியில் பிஸ்மில்லாஹ் வருமென்றால் அதற்கும் பெயருக்கும் நடுவே ஒரு பெயர்வரி உயரமாவது இடம் விடுங்கள். நாணல் பேனாவின் தடிப்பு–மெலிவும் செரிஃபின் தடிப்பு–மெலிவும் நெருங்கி நின்றால் இரண்டும் கண்ணை இழுக்கும். அரபை எழுத்துருவிலேயே அடிப்பதென்றால் அமீரி போல்ட் நல்ல துணை. பழைய எகிப்திய பூலாக் அச்சகத்தின் நஸ்க் எழுத்தை அடியாகக் கொண்டது அது.

ஜனாஸா அறிவித்தலில் ஃபெட் ஃபேஸும் பிளாக்கும் வேண்டாம். அந்தச் செய்தி சத்தம் போடாமல் சென்று சேர வேண்டும். மரணித்தவரின் பெயர் செமி போல்டில், நல்லடக்க நேரம் தெளிவாகத் தனி வரியில், மற்றவை சாதாரண எழுத்தில் இருந்தால் போதும்.

நூல் அட்டை. நம் ஊர்க் கவிஞர் பாலமுனை பாறூக் எழுதிய குறுங்காவியத்தின் தலைப்பு 'தோட்டுப்பாய் மூத்தம்மா'. தடித்த எழுத்தைப் பழக இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. இரண்டே சொல், ஐந்து புள்ளி. இரண்டு வரியாக உடைத்து அமையுங்கள். மேல் வரித் தகரத்தின் வாலும் கீழ் வரியின் புள்ளிகளும் ஒன்றையொன்று நெருங்கும். வரி இடைவெளியை எழுத்தளவின் 120 சதவீதத்தில் தொடங்கி, அவை தொடாத இடம்வரை கூட்டுங்கள். 'ட்' என்ற எழுத்துக்கு வலப்பக்கம் மேலே ஒரு வெற்றிடம் இருக்கிறது. புள்ளி அதை ஓரளவுதான் நிரப்பும். அடுத்த 'டு'வைச் சற்று நெருக்கி வைத்தால் சொல் ஒன்றாகக் கட்டுப்படும். அதே நேரம் சொல் முழுவதற்கும் எழுத்திடைவெளியைக் கூட்டிவிடாதீர்கள். 'தோ'வின் கொம்பும் காலும் தகரத்தை விட்டு விலகி மூன்று தனி எழுத்தாகத் தெரியும்.

பந்தி உரை. இங்கே தடித்த செரிஃப் வேண்டவே வேண்டாம். மூன்று வரிக்கு மேல் ஓடினால் கண் களைத்துப்போகும். பேச்சாளர் விபரம், நன்றியுரை, நூலின் பின்னட்டைக் குறிப்பு எல்லாம் சாதாரண எழுத்துக்கே உரியவை.

மூன்று மொழி ஒரே பலகையில்

1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அரச அலுவலகம், பாடசாலை, வங்கி ஆகியவற்றின் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் சேர்ந்து வருகின்றன. பல இடங்களில் ஆங்கிலம் தடித்த செரிஃபிலும் தமிழ் ஏதோ கிடைத்த மெல்லிய எழுத்திலும் நிற்பதைக் காண்கிறோம். நம் மொழி பலகையில் இடம்பிடித்தும் வாசகருக்கு எட்டாமல் போவது இப்படித்தான். இதைத் திருத்துவது வடிவமைப்பாளரின் கையில் இருக்கிறது. அதற்கு எந்தச் சுற்றுநிருபமும் தேவையில்லை.

சிங்களத்துக்கு அபய லிப்ரே நல்ல தெரிவு. புஷ்பானந்த ஏக்கநாயக்கவின் அபய எழுத்தை மூனியாக் குழுவினர் யூனிகோடுக்குக் கொண்டுவந்து, 5 படிகளில் இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். ஆங்கிலமும் அதிலேயே உண்டு. தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ். இரண்டையும் சேர்க்கும்போது படியின் பெயரைப் பார்க்காதீர்கள்: ஒன்றின் 'போல்ட்' மற்றதன் 'எக்ஸ்ட்ரா போல்ட்' அளவு கறுப்பாக இருக்கலாம். மூன்று வரியையும் அச்செடுத்து, எழுத்து வாசிக்க முடியாத அளவுக்குக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். மூன்றும் ஒரே சாம்பல் பட்டையாகத் தெரிந்தால் கனம் சரி. எந்த வரி வெளிறுகிறதோ அதன் படியை ஏற்றுங்கள். உயரத்தையும் புள்ளி எண்ணால் ஒப்பிட வேண்டாம். தமிழின் பகரத்தை ஆங்கிலச் சிறிய எழுத்தான எக்ஸோடு பக்கத்தில் வைத்துக் கண்ணால் சரிசெய்யுங்கள்.

அச்சுக்கு அனுப்புமுன்

முதலாவது, உண்மை அளவில் அச்செடுங்கள். பெரிய பலகையென்றால் ஒரு சொல்லை மட்டும் தாள்களில் பிரித்து அச்சிட்டு ஒட்டி, வீதியின் மறுபக்கம் நின்று பாருங்கள்.

இரண்டாவது, அந்தத் தாளைப் போட்டோ கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியை மீண்டும் கொப்பி எடுங்கள். ண, னை, ஜ, ஃ நான்கும் திறந்திருந்தால் துண்டுப்பிரசுரத்துக்குத் துணிந்து அனுப்பலாம்.

மூன்றாவது, படத்தை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, தொலைபேசியில் பெரிதாக்காமல் வாசியுங்கள். நம் அறிவித்தல்களில் அதிகமானவை இன்று அங்கேதான் வாசிக்கப்படுகின்றன.

நான்காவது, அச்சகத்துக்குக் கொடுக்கும் பிரதியில் எழுத்துகளைக் கர்வ் செய்யுங்கள், அல்லது எழுத்துரு உட்பொதிந்த பீடிஎஃப் கொடுங்கள். அங்குள்ள கணினியில் அந்தத் தடித்த வடிவம் இல்லாவிட்டால் வேறு எழுத்துரு அந்த இடத்தைப் பிடித்துவிடும். திருத்தம் செய்யக்கூடிய மூலப்பிரதியை உங்களிடம் தனியாக வைத்திருங்கள்.

ஐந்தாவது, கடையில் ஒரு மாதிரித் தாள் தொங்கட்டும். நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு தடித்த எழுத்துருவிலும் 'பாலமுனை', 'திருமணம்', 'ஹஜ்ஜுப் பெருநாள்', '0123456789' ஆகியவற்றை மூன்று அளவுகளில் அச்சிட்டு, பக்கத்தில் எழுத்துருவின் பெயரையும் படியையும் எழுதுங்கள். அடுத்த தடவை "மொத்தமாப் போடுங்க" என்று ஒருவர் வரும்போது அந்தத் தாளுக்கு முன்னால் அவரை நிறுத்தி, சில அடி பின்னால் போய் வாசிக்கச் சொல்லுங்கள். எந்தத் தடிப்பு தூரத்துக்குத் தெரிகிறது என்பதை அவரே காட்டுவார். அதன்படி வேலையைத் தொடங்குங்கள்.